பாய்ந்தவர் படிக்கவும் செய்தார்

(நூற்றாண்டு விழாவில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



இல்ல விளையாட்டுப் போட்டியில் ஒன்பதாம் வகுப்பிலே கிண்ணம் வாங்கிய பிள்ளையைச் சாதாரண தர வகுப்பு வந்ததும் மைதானத்தில் காணக் கிடைப்பதில்லை. "விளையாட்டு படிப்பைக் கெடுக்கும்" என்று வீட்டிலே மறித்துவிடுகிறார்கள். அந்தப் பேச்சுக்கு மறுமொழியாக ஒருவருடைய வாழ்க்கையைச் சொல்ல விரும்புகிறோம்.

நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1934இல் பிறந்தவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவராக உயரம் பாய்தலில் பெயரெடுத்தார். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இலங்கைக்காகப் பாய்ந்தபோது அவருக்கு வயது 17. 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கிலும் பாய்ந்தார். 1958இல் ரோக்கியோவில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கம் அது. 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளியும் பெற்றார்.

படிப்பு கெட்டதா? கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் படித்துக்கொண்டே அதன் அணிக்காகவும் பாய்ந்தார். பின்னர் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். சியரா லியோனிலும் நைஜீரியாவிலும் கற்பித்தார். 2024இல் மறைந்தபோது விளையாட்டு வீரர் என்றும் கல்விமான் என்றும் சேர்த்தே அவரை நினைவுகூர்ந்தார்கள்.

"அவர் ஆண்பிள்ளை" என்பீர்கள். உண்மைதான். ஒலிம்பிக்கில் ஆண்கள் 1896 முதலே நீளம் பாய்ந்தார்கள். பெண்களுக்கு அந்த வாய்ப்பு 1948இல் லண்டனில்தான் வந்தது. ஹங்கேரி நாட்டு ஒல்கா கியார்மாட்டி 5.695 மீற்றர் பாய்ந்து முதல் தங்கத்தை எடுத்தார். உலகம் 52 வருடம் பூட்டி வைத்திருந்த கதவு அது. திறந்த கதவை எங்கள் மைதானத்தில் நாங்களே சாத்தலாமா?

நீளம் பாய்தலுக்கு ஓட ஒரு பாதையும் விழ ஒரு மணற்குழியும் போதும். திருகோணமலையில் மணலுக்கா பஞ்சம்? குறைவாயிருப்பது நேரமும் துணையும்தான்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இதுதான். சாதாரண தர, உயர்தர மாணவிகளுக்குக் கிழமையில் இரண்டு பின்னேரம் மைதானத்தை ஒதுக்குங்கள். பெற்றோரே, அந்த இரண்டு பின்னேரமும் ரியூசனுக்கு அனுப்பாதீர்கள். பிள்ளைகள் இருட்டுமுன் வீடு சேரப் பழைய மாணவிகளாகிய நாங்கள் முறைவைத்துத் துணைக்கு வருகிறோம். சங்கத்தின் நூற்றாண்டுக் கொடையாக இதையே தர விரும்புகிறோம்.