ஆறு நாளில் எடுத்த படமா? 'டீடூர்' விமர்சிக்கப்பட்ட கதை

இன்றைக்குப் பேசப்போவது 1945 நவம்பரில் அமெரிக்காவில் வெளியான 'டீடூர்' என்ற கறுப்பு வெள்ளைப் படத்தைப் பற்றி. எழுபது நிமிடம்கூட ஓடாது. பெரிய நட்சத்திரம் யாரும் இல்லை. எடுத்தது பிஆர்சி என்ற கம்பெனி. ஹாலிவுட்டில் காசில்லாத சின்னத் தயாரிப்பாளர்களை மொத்தமாக 'பாவர்ட்டி ரோ' என்பார்கள். அதிலும் கடைசி வரிசையில் இருந்தது பிஆர்சி. ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டிய காலம் அது. அந்த இரண்டாவது படத்துக்கான இடத்தை நிரப்பத்தான் இவர்களிடம் படம் வாங்கினார்கள்.

இயக்குநர் எட்கர் உல்மர். வியன்னாவில் வளர்ந்தவர், ஜெர்மன் திரைமேதை முர்னாவிடம் வேலை பார்த்தவர். 1934-இல் யுனிவர்சலுக்காக இவர் எடுத்த 'தி பிளாக் கேட்' நன்றாக ஓடியது. ஆனால் அந்த ஸ்டுடியோ முதலாளியின் குடும்பத்து மருமகளைக் காதலித்து மணந்துகொண்டார். அதோடு பெரிய ஸ்டுடியோக்களின் கதவு அவருக்கு மூடிக்கொண்டது.

கதை இதுதான். நியூயார்க்கில் பியானோ வாசிக்கும் ஆல், காதலியைத் தேடி ஹாலிவுட்டுக்குப் போகிறான். கையில் காசில்லை, வழியில் வருகிற கார்களில் லிஃப்ட் கேட்டே போகிறான். ஏற்றிக்கொண்ட ஒருவர் வழியிலேயே இறந்துபோகிறார். போலீஸ் நம்பாது என்று பயந்து, அவருடைய காரையும் பணத்தையும் பெயரையும் எடுத்துக்கொள்கிறான். பிறகு வெரா என்ற பெண்ணைக் காரில் ஏற்றுகிறான். செத்தவரை அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அங்கிருந்து மிரட்டல், இன்னொரு சாவு.

அன்றைய சினிமாத் தொழில் பத்திரிகைகள் இதை ஒரு துணைப்படமாகவே பார்த்து, அந்த அளவுக்கு மதிப்பெண் போட்டுவிட்டு நகர்ந்தன. அப்போதைய தணிக்கை விதிப்படி குற்றவாளி தப்பக்கூடாது என்பதால், கடைசியில் போலீஸ் கார் வந்து ஆலை ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அத்தோடு படம் பெட்டிக்குள் போனது.

மறுபடி வெளிச்சம் வந்தது பிரான்ஸிலிருந்து. 1950-களில் 'கஹியே து சினிமா' இதழின் இளம் விமர்சகர்கள், ஹாலிவுட்டின் மலிவுப் படங்களில்கூட ஓர் இயக்குநரின் கையெழுத்து தெரியும் என்று வாதாடினார்கள். அவர்களில் ஒருவரான த்ரூஃபோ, உல்மரின் 'தி நேக்கட் டான்' படத்தைக் கொண்டாடினார். 1968-இல் அமெரிக்க விமர்சகர் ஆண்ட்ரூ சாரிஸ் தன் புத்தகத்தில் உல்மருக்கு இடம் தந்தார். இதற்கிடையில் 'டீடூர்' பதிப்புரிமை இல்லாத பொதுச்சொத்தாகிவிட்டது. தொலைக்காட்சிகள் காசு கொடுக்காமல் ஒளிபரப்பின. நள்ளிரவில் அதைத் தற்செயலாகப் பார்த்து அசந்துபோனவர்கள் ஒரு தலைமுறையே உண்டு. 1992-இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம் கிடைத்தது. 1998-இல் விமர்சகர் ரோஜர் ஈபர்ட், படத்தின் குறைகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, அதைத் தன் மகத்தான படங்கள் பட்டியலில் சேர்த்தார்.

இந்தப் புகழோடு ஒரு கதையும் ஒட்டிக்கொண்டது: ஆறே நாளில் எடுத்த படம் என்று. சொன்னவர் உல்மரேதான். இயக்குநர் பீட்டர் போக்டனோவிச்சுக்குக் கொடுத்த பேட்டியில் சொன்னார். எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். பிறகு ஆய்வாளர் நோவா ஐசன்பெர்க் ஆவணங்களைப் புரட்டினார். உல்மரின் திரைக்கதைப் பிரதியிலேயே 1945 ஜூன் 14 முதல் 29 வரை என்று தேதி இருந்தது. வெராவாக நடித்த ஆன் சாவேஜின் ஒப்பந்தமோ மூன்று வாரத்துக்கு. செலவும் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது.

இங்கேதான் விமர்சகர்கள்மேல் எனக்கு வருத்தம். இவ்வளவு குறைந்த நாளில், இவ்வளவு குறைந்த காசில் இப்படியா என்று வியந்து வியந்தே, திரையில் இருப்பதைப் பேச மறந்தார்கள். ஆல் லிஃப்ட் கேட்கும் காட்சியில் கார்கள் சாலையின் இடப்பக்கம் ஓடும். ஓட்டுபவர் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பார். அமெரிக்காவில் அப்படிக் கிடையாது. நெகட்டிவைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அதை எத்தனையோ பேர் சுட்டிக்காட்டினார்கள். ஆனால் கவனியுங்கள்: திரையில் வலமிருந்து இடமாகப் போனால்தான் மேற்கே போவது போலத் தோன்றும். பயணத்தின் திசை சிதறக்கூடாது என்பதற்காக உல்மர் அதை ஏற்றுக்கொண்டார் என்றே நான் நம்புகிறேன்.

இன்னொரு இடம். மூடிய கதவுக்கு வெளியே நின்று ஆல் டெலிபோன் வயரை இழுக்கிறான். உள்ளே வெராவின் கழுத்தில் அது சுற்றியிருப்பது அவனுக்குத் தெரியாது. கதவை உடைத்து உள்ளே போனதும் காமெரா அவன் பார்வையாகவே அறையைச் சுற்றுகிறது. ஒவ்வொரு பொருளிலும் போய் நிற்கிறது. மங்குகிறது, தெளிகிறது, மறுபடி மங்குகிறது. காசு இல்லாததால் வந்த உத்தி அல்ல இது. நிலைகுலைந்த ஒரு மனம் எப்படிப் பார்க்கும் என்று யோசித்தவர் வைத்த ஷாட்.

பிற்கால விமர்சகர்கள் இன்னும் ஆழமாகப் போனார்கள். முழுக் கதையையும் ஆல்தான் சொல்கிறான்; இரண்டு சாவும் விபத்து என்பதற்கு அவன் வாய்தான் சாட்சி. அவன் பொய் சொல்கிறானோ என்று கேட்டார்கள். படத்துக்குக் கிடைத்த விமர்சனங்களிலேயே மிகச் சிறந்த கேள்வி அதுதான் என்பேன்.

உல்மர் 1972-இல் காலமானார். இந்தப் பெருமையில் பெரும்பகுதியை அவர் பார்க்கவில்லை. ஆன் சாவேஜ் பார்த்தார். கனடா இயக்குநர் கை மேடின் அவரைத் தேடிப்போய், 2007-இல் வந்த 'மை வின்னிபெக்' படத்தில் தன் தாயாக நடிக்க வைத்தார்.

படத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இணையத்தில் கிடைக்கும் பல பிரதிகள் மங்கல். வசனம்கூடச் சரியாகக் கேட்காது. 2018-இல் அகாடமி ஆவணக்காப்பகம் சீர்செய்த பிரதி இருக்கிறது. அதைத் தேடிப் பாருங்கள். ஆல் சொல்வது உண்மையா, பொய்யா? உங்கள் முடிவைக் கீழே எழுதுங்கள்.