பிணைப்பில் பிறக்கும் பண்பு

இயற்கைப் பலபடிகளையும் செயற்கைப் பலபடிகளையும் இணைத்த ஹைட்ரோஜெல்கள் பற்றிய இக்கருத்தரங்கிற்குத் தலைமை தாங்கும் வாய்ப்பை அளித்த அமைப்புக் குழுவினருக்கு என் நெஞ்சார்ந்த நன்றி.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தீக்காயப் பிரிவில், ஒரு சிறுமிக்குக் கட்டு மாற்றும் வேளையில் நின்றிருந்தேன். காய்ந்துபோன துணிக்கட்டு புண்ணோடு ஒட்டியிருந்தது. அதை உரித்தபோது, புதிதாக அரும்பியிருந்த தோலும் கூடவே வந்தது. அந்தச் சிறுமியின் அலறல் இன்றும் என் காதில் இருக்கிறது. நம் ஊர்களில் தீக்காயம் பட்டவரை வாழை இலையில் கிடத்தும் வழக்கம் உண்டு. இலை புண்ணில் ஒட்டாது, குளிர்ச்சி தரும், ஈரத்தைக் காக்கும். ஹைட்ரோஜெல்லிடம் மருத்துவம் முதலில் கேட்பதும் இந்த மூன்றைத்தான்.

ஹைட்ரோஜெல் என்பது தண்ணீரில் கரையாமல் தண்ணீரைத் தன்னுள் தேக்கிவைக்கும் பலபடி வலை. நோன்பு திறக்கும் நேரத்தில் தமிழக முஸ்லிம் வீடுகளில் பரிமாறும் கடல்பாசியும் ஹைட்ரோஜெல்தான். கத்தி வைத்தால் வில்லை வில்லையாக நேர்த்தியாக விழும், வளைத்தால் விண்டுபோகும். அந்த விண்டுபோதல்தான் இத்துறையை நெடுங்காலம் வாட்டிய குறை.

1960-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் ஓட்டோ விக்டர்லேயும் டிராஹோஸ்லாவ் லிம்மும், உடலுக்குள் பயன்படக்கூடிய நீர்விரும்பி ஜெல்களைப் பற்றி ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். மறு ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் விக்டர்லே தம் வீட்டில், பிள்ளைகள் விளையாடும் உலோகக் கட்டுமானத் துண்டுகளையும் மிதிவண்டி டைனமோவையும் கொண்டு ஒரு சுழல்வார்ப்புப் பொறியைக் கட்டினார். மென் காண்டாக்ட் லென்ஸ் அந்தப் பொறியில் வார்க்கப்பட்டது. முழுக்கச் செயற்கைப் பலபடியால் ஆன அந்த லென்ஸில் நீரின் பங்கு ஏறத்தாழ 38 விழுக்காடு. அந்தப் பொருள் கண்ணின் மேல் அமர்வதற்குப் போதுமானதாக இருந்தது. உடலுக்குள் சென்று திசுவோடு கலப்பதற்கு அது போதவில்லை.

ஏன் போதவில்லை? செல்லுக்குப் பிடிமானம் வேண்டும். ஃபைப்ரோனெக்டின் என்ற புரதத்தில் ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என்னும் மூன்று அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து நிற்கும் இடமே அந்தப் பிடி என்பதை 1984-இல் பியர்ஷ்பாக்கரும் ருவோஸ்லாட்டியும் காட்டினார்கள். கொலாஜன், ஜெலட்டின் போன்ற இயற்கைப் பலபடிகளில் இத்தகைய பிடிகள் இயல்பாகவே இருக்கின்றன. உடலின் நொதிகள் அவற்றை அறிந்து மெல்ல அரிக்கவும் செய்கின்றன. ஆனால் அவை வலுக் குறைந்தவை; விலங்குக்கு விலங்கு மாறுபடுபவை. செயற்கைப் பலபடிகளான பாலிஎத்திலீன் கிளைக்காலும் பாலிவினைல் ஆல்கஹாலும் நாம் கேட்ட நீளத்தில், கேட்ட அளவில் கிடைக்கும். ஆனால் அவற்றின் மேல் செல் வந்து அமர்வதில்லை, வழுக்கிப் போய்விடும்.

இரண்டையும் கலந்துவிட்டால் இரண்டின் நன்மையும் கிடைக்கும் என்று எண்ணுவது எளிது. உண்மை அவ்வளவு எளிதன்று. இந்த அவையின் முன் நான் வைக்க விரும்பும் கருத்து ஒன்றே: கூட்டு ஜெல்லின் பண்பு அதன் உறுப்புகளில் மட்டும் இல்லை, அவற்றைப் பிணைத்த முறையில் பிறக்கிறது.

2012-இல் ஹார்வர்டில் சிகாங் சுவோ குழுவினர் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பழுப்புப் பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட்டின் ஜெல், தன் நீளத்தைப் போல் 1.2 மடங்கு இழுத்தாலே அறுந்துவிடும். அதைப் பாலிஅக்ரிலமைடு வலையோடு ஊடுபாவாகச் சேர்த்தபோது, ஏறத்தாழ 90 விழுக்காடு நீர் கொண்ட அந்த ஜெல் 20 மடங்குக்கு மேல் நீண்டது. அதை முறிக்கச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 9000 ஜூல் ஆற்றல் தேவைப்பட்டது. நம் மூட்டுக் குருத்தெலும்புக்கு இது ஏறத்தாழ 1000 ஜூல்தான். எங்கிருந்து வந்தது இந்த வலிமை? இழுக்கும்போது ஆல்ஜினேட்டின் கால்சியம் முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து விசையைப் பரவலாக்குகின்றன. பாலிஅக்ரிலமைடின் நீண்ட சங்கிலிகள் சகப்பிணைப்பால் உருவத்தைக் காக்கின்றன. ஓய்வு கிடைத்தால் அவிழ்ந்த முடிச்சுகளில் ஒரு பகுதி மீண்டும் விழுகிறது. விட்டுக்கொடுக்கும் பிணைப்பும் விடாத பிணைப்பும் ஒரே வலைக்குள் வேலையைப் பங்கிட்டுக்கொண்டன.

பென்சில்வேனியாவில் எங்லர், டிஷர் குழுவினர் 2006-இல் செய்த சோதனை இன்னொரு கதவைத் திறந்தது. பாலிஅக்ரிலமைடு ஜெல்லின் மேல் கொலாஜன் பூசி, அதில் மனிதக் குருத்தணுக்களை வளர்த்தார்கள். விறைப்பு 0.1 முதல் 1 கிலோபாஸ்கல் வரை இருந்த ஜெல்லில் அவை நரம்புச் செல்லின் சாயல் பெற்றன. 8 முதல் 17 வரை இருந்ததில் தசையின் சாயல். 25 முதல் 40 வரை இருந்ததில் எலும்பின் சாயல். கொலாஜன் இடம் கொடுத்தது. செயற்கை வலை வழி சொன்னது. விறைப்பு என்பது வெறும் பொறியியல் எண் அன்று, செல்லுக்கு நாம் சொல்லும் சொல் என்று அன்று தெளிந்தது.

ஆய்வகத்தைக் கடந்து நோயாளியைச் சேர்ந்த ஒரு கூட்டு ஜெல்லையும் சொல்ல வேண்டும். போலந்தின் வுட்ச் நகரில் யானுஷ் ரோசியாக் உருவாக்கிய காயக்கட்டில் பாலிவினைல் பிரோலிடோனும் அகாரும் சேர்ந்திருக்கின்றன. சூடான கரைசலை வார்த்தால், ஆறும்போது அகார் முதலில் உருவம் கொடுக்கிறது. உறையிட்டு மூடியபின் ஏறத்தாழ 25 கிலோகிரே கதிர்வீச்சுக்கு உட்படுத்துகிறார்கள். ஒரே படியில் செயற்கைப் பலபடி பிணைகிறது, நுண்ணுயிரும் நீங்குகிறது. கட்டு ஒளி ஊடுருவக்கூடியது. அகற்றாமலே புண்ணைப் பார்க்கலாம். எடுக்கும்போது ஒட்டாமல் வந்துவிடும். பயன்படும் இடத்தை முன்னிறுத்தி வேதியியலை அமைத்தால் என்ன கிட்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அன்பர்களே, இவ்வளவு கற்ற பிறகும் நம் கட்டுரைகளில் ஒரு குறை தொடர்கிறது. ஜெல் நீரேற்று வீங்கும் அளவைக் காய்ச்சி வடித்த நீரில், அறை வெப்பத்தில் அளக்கிறோம். உடலில் இருப்பதோ 37 டிகிரி வெப்பமும் உப்பும் புரதமும் நொதியும். அங்கே சோடியம் அயனிகள் மெல்ல மெல்லக் கால்சியத்தை வெளியேற்ற, ஆல்ஜினேட் வலை தளர்கிறது. முதல் நாள் வலிமையை மட்டும் எழுதினால் முப்பதாம் நாள் நோயாளிக்கு யார் பதில் சொல்வது? 121 டிகிரி நீராவி ஜெலட்டின் சங்கிலிகளைச் சிதைக்கும் என்று தெரிந்தும், நுண்ணுயிர் நீக்குவதற்கு முன் அளந்த எண்ணையே அட்டவணையில் வைக்கிறோம். பலபடியாகாமல் எஞ்சும் அக்ரிலமைடு நரம்புக்கு நஞ்சு; அதன் அளவைச் சொல்லாத கட்டுரை முழுமையானதன்று.

மூலப்பொருளையும் இதே கவனத்தோடு எழுத வேண்டும். மன்னார் வளைகுடாவில், இராமநாதபுரம் கடலோரப் பெண்கள் மூச்சடக்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் சேகரிக்கிறார்கள். முன்னதிலிருந்து அகார், பின்னதிலிருந்து ஆல்ஜினேட். எந்த இனம், எந்தப் பருவம், சங்கிலியின் நீளம் என்ன, குலுரோனிக் அமிலத்தின் பங்கு என்ன என்பதைச் சொல்லாமல் ‘ஆல்ஜினேட்’ என்று ஒற்றைச் சொல்லில் கடப்பது அறிவியலுக்கும் குறை, அந்த உழைப்புக்கும் குறை. அவர்கள் பாறைகளில் கை கிழிபடப் பறித்து வருவதை நாம் துல்லியமாக அளந்தால், அதற்குரிய விலையும் மதிப்பும் கூடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே இந்த அமர்வுகளில் மூன்று கேள்விகளைத் தவறாமல் எழுப்புங்கள். பயன்படும் நிலையில் அளந்தீர்களா? எதிலிருந்து செய்தீர்கள்? கட்டு மாற்றும் செவிலியரிடம் காட்டினீர்களா? இளைய ஆய்வாளர்கள் கூச்சமின்றிக் கேட்கட்டும். மூத்தவர்கள் முகம் சுளிக்காமல் விடை தரட்டும்.

நாம் செய்யும் ஜெல் எத்தனை மடங்கு நீள்கிறது என்பதை உலகம் போற்றலாம். கட்டை எடுக்கும்போது ஒரு குழந்தை அழாமல் இருந்தால், அதுவே நம் ஆய்வுக்குக் கிடைக்கும் மதிப்பெண். அந்த எண்ணத்தோடு இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.