தேவையில்லாத ஆணியும் ஊர் சுற்றிய சுத்தியலும்



படத்தைப் பற்றி வானொலியில் பேசுவது கொஞ்சம் சிக்கலான வேலை. எதையும் காட்ட முடியாது. ஆனாலும் இன்று எனக்கு அந்தக் கவலை இல்லை. 'காண்டிராக்டர் நேசமணி' என்று சொன்னாலே போதும், வடிவேலுவின் முகம் உங்களில் பலருக்கு இந்நேரம் கண்முன் வந்திருக்கும். திரைப்படக் காட்சி ஒன்று இணையத்தில் மீம் ஆவதற்கு முதல் தேவை இதுதான். காட்டாமலே தெரிய வேண்டும்.

நேசமணியின் கதையைப் பார்ப்போம். சித்திக் இயக்கி, விஜயும் சூர்யாவும் நடித்த 'ஃப்ரெண்ட்ஸ்' 2001 பொங்கலுக்கு வந்தது. சித்திக்கே மலையாளத்தில் 1999-இல் எடுத்த படத்தின் தமிழ் வடிவம். பழைய பெரிய வீடு ஒன்றுக்கு வெள்ளையடிக்க ஆட்களோடு வருகிறார் நேசமணி. மேலே நிற்கும் கிருஷ்ணமூர்த்தியிடமிருந்து, அதாவது ரமேஷ் கண்ணாவிடமிருந்து, ஒரு சுத்தியல் நேராக அவர் தலையில் வந்து விழுகிறது. அவ்வளவுதான். திரையரங்கில் சிரித்துவிட்டு மக்கள் வீட்டுக்குப் போனார்கள்.

பதினெட்டு ஆண்டு கழித்து, 2019 மே கடைசியில், கட்டுமானப் பொறியியல் தொடர்பான ஃபேஸ்புக் பக்கம் ஒன்றில் ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். பாகிஸ்தானிலிருந்து நடத்தப்பட்ட பக்கம் என்று அப்போது செய்திகளில் வந்தது. தமிழர் ஒருவர் ஆங்கிலத்தில் பதில் எழுதினார். இதற்குப் பெயர் சுத்தியல், அடித்தால் டங் டங் என்று சத்தம் வரும், ஜமீன் அரண்மனையில் பெயின்டர் நேசமணியின் தலையை அவருடைய மருமகன் இதனால்தான் உடைத்துவிட்டார், பாவம் மனுஷன். எழுதிய தோரணை பத்திரிகைச் செய்தி போலவே இருந்தது. இன்னொரு தமிழர் அதே தோரணையில், இப்போது அவர் நலமா என்று விசாரித்தார். பிடித்துக்கொண்டது நெருப்பு. நேசமணிக்காகப் பிரார்த்தியுங்கள் என்ற ஹேஷ்டேக் மே 29, 30 தேதிகளில் ட்விட்டரில் இந்தியாவைத் தாண்டி உலக அளவில் மேலே வந்தது. மே 30 அன்றுதான் தில்லியில் பிரதமர் இரண்டாம் முறை பதவி ஏற்றார். அந்தச் செய்தியோடு சுத்தியல் போட்டி போட்டது!

இதில் அரசியல் இருந்தது என்று அன்றே சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாதக்கணக்கில் தேர்தல் சண்டை போட்டுச் சலித்துப்போன ஒரு கூட்டத்துக்கு விளையாட ஒரு சாக்கு கிடைத்தது, அவ்வளவே. விளையாட்டின் சூடு ஏறியதற்கு வெளியாட்களும் காரணம். யார் இந்த நேசமணி, என்ன ஆயிற்று அவருக்கு என்று வடக்கே உள்ளவர்கள் உண்மையாகவே கேட்கத் தொடங்கினார்கள். கேட்கக் கேட்க, நம்மவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலும் மேலும் சோகம் காட்டினார்கள். ஊரே சேர்ந்து ஒரு முகத்தை வைத்துக்கொள்ளும் வேடிக்கை அது. மருத்துவமனை அறிக்கை வந்தது, ஸ்கேன் படம் வந்தது, தலைவர்கள் நேரில் நலம் விசாரித்தார்கள். இதை எழுதத் தனியாக யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 2016-இல் ஜெயலலிதா 75 நாள் மருத்துவமனையில் இருந்தபோதும், 2018-இல் கருணாநிதி இருந்தபோதும் நாம் தினந்தோறும் படித்த அறிக்கைகளின் நடை எல்லாருக்கும் மனப்பாடமாகி இருந்தது. அந்த நடையில் நேசமணியை உட்கார வைத்தார்கள்.

ஆனால் ஒரு பழைய நகைச்சுவைக் காட்சி இவ்வளவு பேருக்கு எப்படி நினைவில் இருந்தது? அதற்கு இணையம் காரணமல்ல. நாம் படத்தைக் காட்சி காட்சியாகப் பிய்த்துத் தின்று பழகியவர்கள். வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்த நேயர்களுக்கு இது தெரியும். படத்தைப் பார்க்காமலே வசனம் மனப்பாடமாகும். பிறகு கவுண்டமணி, செந்தில் நகைச்சுவை தனிக் கேசட்டாக வந்து தேநீர்க்கடைகளில் ஓடியது. அதன் பிறகு நகைச்சுவைக்கென்றே தொலைக்காட்சி அலைவரிசைகள். கதையும் கதாநாயகனும் கழன்று போய், வடிவேலு மட்டும் நாள் முழுக்க வீட்டுக்கூடத்தில் நின்றார்.

படம் வெட்டி ஒட்டும் காலத்துக்கு முன்பே வசனங்கள் கிளம்பிவிட்டன. 2006 வாக்கில் தமிழ் வலைப்பதிவு எழுதியவர்கள் அலுவலக வேலையை 'ஆணி' என்றுதான் சொல்வார்கள். இன்று ஆணி அதிகம், பதிவு போட முடியவில்லை என்பார்கள். 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் நேசமணி பேசும் 'தேவையில்லாத ஆணி' வசனத்திலிருந்து பிறந்த வழக்கு அது. கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இன்றும் சொல்கிறார்கள். 'வின்னர்' படத்தில் வடிவேலு நடித்த கைப்புள்ளையின் வருத்தப்படாத வாலிபர் சங்கமும் அப்படித்தான். 2003-இல் படத்தில் வந்த சங்கம், வலைப்பதிவர் குழுவாகி, 2013-இல் வேறொரு படத்துக்கே தலைப்பாயிற்று.

எல்லா நல்ல காட்சியும் மீம் ஆவதில்லை. சிவாஜி அழுத காட்சிகள் எத்தனையோ உண்டு. அந்த அழுகைக்குப் பின்னால் இரண்டு மணி நேரக் கதை இருக்கிறது, கதையை விட்டுப் பிரித்தால் தாங்காது. வடிவேலுவின் முகத்துக்குக் கதை வேண்டாம். மார்பை நிமிர்த்திக்கொண்டு போவார், அடி வாங்குவார், அடிபடாதது போல நடந்து வருவார். தேர்வில் தோற்ற மாணவன், மேலாளரிடம் திட்டு வாங்கிய ஊழியன், வைப்புத்தொகை இழந்த வேட்பாளர் என்று யாருக்கும் அந்த முகம் பொருந்தும். மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி எழுதினால் முடிந்தது. செல்போனும் மலிவான டேட்டாவும் வந்த பிறகு, இதைச் செய்யக் கணினிகூடத் தேவைப்படவில்லை.

இதற்கு நேர் எதிரான வழியும் உண்டு. 2004-இல் வந்த ஜெர்மன் படம் 'டெர் உன்டர்காங்'. பெர்லின் பதுங்கு குழியில், தோல்வி உறுதி என்று தெரிந்ததும் ஹிட்லர் தளபதிகள் மேல் பாய்ந்து கத்தும் காட்சி. புரூனோ கான்ஸ் நடித்தது. அதற்குப் பொய்யான துணைத்தலைப்பு போட்டு, கால்பந்துத் தோல்விக்கும் கெட்டுப்போன கணினிக்கும் ஹிட்லர் கத்துவதாக நூற்றுக்கணக்கில் காணொலிகள் வந்தன. பார்ப்பவருக்கு ஜெர்மன் தெரியாதவரைதான் அந்த விளையாட்டு நடக்கும். நேசமணியோ நம் மொழியும் நம் படமும் தெரிந்தவருக்கே முழுதாகத் திறப்பார். 2010-இல் அந்த ஜெர்மன் படத்தின் தயாரிப்பு நிறுவனம் அந்தக் காணொலிகளை யூடியூபிலிருந்து நீக்க வைத்தது. இயக்குநர் ஹிர்ஷ்பீகலோ அவற்றைப் பார்த்துச் சிரித்ததாகப் பேட்டி கொடுத்தார். என் ஓட்டு இயக்குநருக்கே. தடுத்தும் அவை நிற்கவில்லை.

நம் ஊரில் இன்னொரு விநோதம் நடந்தது. 2011 தேர்தலுக்குப் பிறகு வடிவேலு நடித்த படங்கள் மிகவும் குறைந்துவிட்டன. அவர் திரையில் அரிதான அந்த ஆண்டுகளில்தான் மீம் பக்கங்கள் பெருகின. புதிய படமே இல்லாமல் ஒரு நடிகர் அன்றாடம் வீடுதோறும் வந்து போனார். அதற்காக அவருக்கோ, வசனம் எழுதியவருக்கோ, ஒளிப்பதிவு செய்தவருக்கோ ஒரு ரூபாய் போய்ச் சேர்ந்திருக்காது. ரசிகர்கள் வேடிக்கைக்குச் செய்வதில் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கடைகளும் நிறுவனங்களும் அதே முகத்தை ஒட்டித் தங்கள் சரக்கை விற்கும்போது, அது விளையாட்டுக் கணக்கில் வராது. அது கூலி கொடுக்காத விளம்பரம்.

நேசமணியை நமக்குத் தந்த இயக்குநர் சித்திக் 2023 ஆகஸ்டில் காலமானார். அவரை நினைத்து, மீம் போடும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓரத்தில் உங்கள் பக்கத்தின் பெயரை மறக்காமல் போட்டுக்கொள்கிறீர்கள். பக்கத்திலேயே படத்தின் பெயரையும் இயக்குநரின் பெயரையும் சின்ன எழுத்தில் போட்டுவிடுங்கள். இடம் இருக்கிறது.