கலிலியோவுக்கு நாம் பட்ட கடன்



ஜூபிலி என்றதும் பெருமைகளைப் பேசவே நமக்கு ஆசை. ஆனால் பழைய ஏற்பாட்டில் ஜூபிலி என்பது பிறருடையதைத் திருப்பிக் கொடுக்கும் ஆண்டு. ஆகவே நாம் பட்ட ஒரு கடனைப் பற்றிப் பேசத் துணிகிறேன். ஞானோபதேச வகுப்பில் ஒரு சிறுவன் கேட்டான்: "சாமி, கலிலியோவை நம்ம ஆளுங்கதான் ஜெயில்ல போட்டாங்களாமே, நிசமா?"

1610 ஜனவரி 7 இரவு, இத்தாலியின் பதுவை நகரில் கலிலியோ தம் தொலைநோக்கியை வியாழன் கிரகத்தின் பக்கம் திருப்பினார். அருகே மூன்று சிறு புள்ளிகள். சில நாட்களில் நான்காயின. அவை வியாழனையே சுற்றி வந்தன! அப்படியானால் வானத்திலுள்ள யாவும் பூமியைத்தான் சுற்றுகின்றன என்ற பழைய கொள்கை என்னாவது? சந்திரனில் மலைகளையும், வெள்ளியில் சந்திரனைப்போல் வளர்பிறை தேய்பிறையையும் கண்டார். உரோமையிலிருந்த சேசு சபைக் குருக்கள் தாங்களும் பார்த்து, உண்மையென்று 1611-இல் ஒப்பினர். அவருக்கு விழாவும் எடுத்தனர். பூமியே சூரியனைச் சுற்றுகிறது என்று 1543-இல் நூல் வெளியிட்ட கோப்பர்னிக்கஸும் நம் பேராலயமொன்றின் ஊழியரே.

பின் எங்கே தவறினோம்? யோசுவா ஆகமம் பத்தாம் அதிகாரத்தில் சூரியன் நின்றதாக வாசிக்கிறோம். வேதாகமம் மீட்புக்கு வழி காட்டுவது, வானநூல் கற்பிப்பதன்று என்று கலிலியோ எழுதினார். இன்று குருமடத்தில் கற்பிப்பதும் அதுவே. அன்றோ ஒரு சாமானியர் வேதத்துக்கு விளக்கம் சொல்வதா என்று சினந்தார்கள். 1616-இல் எச்சரிக்கை. 1632-இல் அவர் நூல் வெளிவந்ததும், ஒரு காலத்தில் அவரைப் புகழ்ந்து கவி பாடிய பாப்பரசர் எட்டாம் உர்பானே வழக்குக்கு உத்தரவிட்டார்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். கலிலியோவிடம் அன்று முழு நிரூபணம் இல்லை. கடல் ஏற்றவற்றத்தைக் கொண்டு அவர் செய்த வாதம் பிழையானது. பூமியின் ஓட்டத்தால் நட்சத்திரம் இடம் பெயர்வதுபோல் தோன்றுவதை 1838-இல்தான் அளந்தார்கள். அதற்காக? நிரூபணம் இல்லையேல் காத்திருக்கலாம். 69 வயதுக் கிழவரை முழந்தாளிடச் செய்து, தாம் நம்பியதைச் சபிக்க வைக்கலாமா? 1633 ஜூன் 22-இல் அதைத்தான் செய்தோம். பத்துக் கர்தினால்மாரில் மூவரின் கையொப்பம் அத்தீர்ப்பில் இல்லை.

சிறைத்தண்டனை வீட்டுக்காவலாக மாறியது. தண்டனையின் ஒரு பகுதி, வாரந்தோறும் ஏழு தவச் சங்கீதங்களைச் செபிப்பது. கிளாரா சபைக் கன்னியாஸ்திரியான அவர் மகள் மரிய செலெஸ்தே, "அதை நான் செபிக்கிறேன்" என்று அச்சுமையைத் தான் ஏற்றுக்கொண்டாள். 1634-இல், 33 வயதில், அவள் இறந்தாள். கலிலியோ கண்பார்வையும் இழந்து, காவலிலேயே 1642-இல் மரித்தார். கடைசிவரை திருச்சபையை விட்டு அவர் அகலவில்லை. 1992 அக்டோபர் 31-இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் அன்றைய நீதிபதிகளின் தவற்றை வெளிப்படையாக ஏற்றார். 359 ஆண்டு!

சிறுவனிடம், "நிசந்தான் தம்பி" என்றேன். சற்று யோசித்துவிட்டு, "அந்த அக்கா பாவம், சாமி" என்றான்.