பன்னிரண்டு லட்சத்துக்கு எங்கே கமா? – ஸ்டைல்ஷீட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஸ்கிரிப்ட்

இன்னைக்கு எபிசோடு ஒரு பழைய டெக்னாலஜி பத்தி: எக்ஸ்எஸ்எல்டி. 1999-ல் வந்தது. "இதையெல்லாம் யாருப்பா இன்னும் யூஸ் பண்றாங்க?"னு கேட்காதீங்க. மதுரை கீழ மாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையை எடுத்துக்குவோம். கணக்கு டேலியில். அதிலிருந்து வரும் எக்ஸ்எம்எல் ஃபைலை, யாரோ எப்பவோ எழுதிக் கொடுத்த ஸ்டைல்ஷீட் ஒரு அறிக்கையா மாத்தித் தருது. கம்ப்யூட்டரை மாத்தினதும் அது நின்னு போச்சு. ஜிஎஸ்டி கட்டுற 20-ம் தேதி பக்கத்தில். கணக்குப்பிள்ளை அண்ணன் உங்களைத்தான் கூப்பிடுவார்.

திறந்து பார்த்தா, உள்ளே ஒரு ஜாவாஸ்கிரிப்ட். ஏன்? நம்ம லட்சக் கணக்குதான் காரணம். எக்ஸ்எஸ்எல்டி 1.0-ல் எண்ணை வடிவமைக்கும் ஃபார்மேட்-நம்பர், கடைசிக் குழுவின் அளவையே எல்லாக் குழுவுக்கும் எடுத்துக்கும். அதனால் 12,34,567.50 என்று வர வேண்டியது 1,234,567.50 என்று வரும். அதைச் சரிசெய்யத்தான் ஸ்கிரிப்ட்.

இனி தேடும் வரிசை. முதல்ல, எந்த எஞ்சின் ஓட்டுது? இந்த வகை ஸ்கிரிப்ட் மைக்ரோசாஃப்ட்டின் தனி நீட்டிப்பு. குரோம், ஃபயர்பாக்ஸ் இதை ஓட்டாது. டாட்நெட் கோர் கூட ஆதரிக்காது. இரண்டாவது, அனுமதி. எம்எஸ்எக்ஸ்எம்எல் 6-லும் பழைய டாட்நெட்டிலும் ஸ்கிரிப்ட் இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கும். மூன்றாவது, நேம்ஸ்பேஸ். ஸ்கிரிப்டில் சொன்ன முன்னொட்டும், ஃபங்ஷனைக் கூப்பிடும் முன்னொட்டும் ஒரே முகவரியைக் காட்டணும். நான்காவது, ஸ்கிரிப்டில் 'விடக் குறைவு' குறியோ ஆம்பர்சேண்டோ இருந்தா சிடேட்டா பகுதிக்குள் வைக்கணும். இல்லைன்னா எக்ஸ்எம்எல்லே உடைஞ்சிடும். ஐந்தாவது, ஃபங்ஷனுக்கு நோடை அப்படியே அனுப்பினா உரை போகாது, நோடுகளின் பட்டியல்தான் போகும். ஸ்ட்ரிங் ஃபங்ஷனில் சுற்றி அனுப்புங்க.

இப்ப முக்கியமான இடம். "அனுமதியை ஆன் பண்ணிட்டா ஓடிடுமே!" ஓடும். ஆனா டாட்நெட்டில் சி ஷார்ப் ஸ்கிரிப்டை அனுமதிச்சா, அந்த ஸ்டைல்ஷீட் அந்தக் கம்ப்யூட்டரில் எந்த ஃபைலையும் திறக்கலாம், அழிக்கலாம். யார் எழுதினதுன்னு தெரியாத ஃபைலுக்கு, கடையோட மொத்தக் கணக்கும் இருக்கிற மெஷின்ல, கதவைத் திறந்து விடலாமா?

தேவையே இல்லை. ஸ்கிரிப்டைத் தூக்கிடலாம். தொகையை ஆயிரத்தால் வகுத்து, ஃப்ளோர் போட்டு முழு எண்ணை எடுங்க: 1234. அதை 'ஹாஷ், கமா, ஹாஷ், ஹாஷ்' என்ற வடிவத்தில் அச்சடிச்சா 12,34. இரண்டு இரண்டா பிரிஞ்சிடும். பக்கத்தில் ஒரு கமா. அப்புறம் மாட் போட்டு வரும் மீதியை மூணு இலக்கமா, பைசாவோட எழுதுங்க: 567.50. சேர்த்தா 12,34,567.50. ஆயிரத்துக்குக் குறைஞ்ச தொகைக்கும் மைனஸ் தொகைக்கும் தனியா ஒரு சூஸ் நிபந்தனை வச்சுக்குங்க. டேலியில் தேதி 20240401 மாதிரி வரும். அதை வெட்டி ஒட்ட சப்ஸ்ட்ரிங் போதும்.

மாத்தினதும் உடனே கொடுத்துடாதீங்க. 999, 1000, 99,999, 1,00,000, ஒரு கோடி, ஒரு மைனஸ் தொகை – இந்த ஆறையும் ஓட்டிப் பாருங்க. பழைய அறிக்கை ஒண்ணோட வரிக்கு வரி ஒப்பிடுங்க. கமா தப்பினா கூட மொத்தம் மாறாது; ஆனா படிக்கிற கண்ணு ஏமாறும்.

உங்க கடையிலோ ஆபீஸிலோ இப்படி யாரும் தொடப் பயப்படுற ஃபைல் இருக்கா? இந்த வாரம் ஒரு தடவை திறந்து, உள்ளே என்ன ஓடுதுன்னு படிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.