நேரத்தையும் பங்கு போடுவோம்

(சப்ரகமுவ தோட்டங்களின் மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நேரத்தைத் திட்டமிட்டு வேலை செய்தால் களைப்பு வராது என்று பலரும் சொல்கிறார்கள். விடியுமுன் அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, பிள்ளைக்குத் தலைசீவி, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு நேரத்தோடு வந்து நிற்கிற பெண்ணுக்கு யார் நேரம் பழக்கித் தருவது? இறப்பர் மரம் காலைக் குளிரில்தான் நன்றாகப் பால் விடும். ஆகவே பால் வெட்டப் போகிறவர்களின் காலை இன்னும் நெருக்கடியானது. இவ்வளவு கணக்காக ஓடியும் நமது உடம்பு முறிகிறது என்றால், குறை நமது சுறுசுறுப்பில் இல்லை. நேரம் பங்கு போடப்பட்ட விதத்தில் இருக்கிறது.

1886 மே மாதத்தில் சிக்காகோ தொழிலாளர்கள் 8 மணித்தியால வேலைநாள் கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். நமது நாட்டில் தோட்டத் தொழிலாளருக்கான 1927-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், பகல் சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து வேலைநாள் 9 மணித்தியாலம் என்று வகுத்தது. அப்படியானால் சாப்பாட்டு நேரம் யாரும் போடுகிற பிச்சையல்ல.

ஆனால் மலையில் நடப்பது என்ன? கிலோ குறைந்தால் அரைப் பேர். அந்தப் பயத்தில் சாப்பாட்டு நேரத்திலும் கொழுந்து பறிக்கிறோம். நின்றபடியே இரண்டு வாய் ரொட்டி, அவ்வளவுதான். ஒருவர் இப்படிப் பறித்தால் அவருக்குக் கொஞ்சம் கிலோ கூடும். எல்லோரும் பறித்தால், இந்த மலையில் இவ்வளவு பறிக்கலாம் என்று நாளைக்குக் கிலோவையே கூட்டிவிடுவார்கள். ஆகவே இது தனி ஆளின் விஷயமல்ல. சாப்பாட்டு நேரம் வந்ததும் முழுக் கூட்டமும் சேர்ந்து கூடையை இறக்கி வைக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்து வெயிலும் புழுக்கமும் நுவரெலியாவில் இல்லை. இங்கே வியர்த்துக் கொட்டுகிறது. அப்படியிருந்தும் பல பெண்கள் பொழுதுக்கும் தண்ணீர் குடிப்பதில்லை. மலையில் ஒதுங்க மலசலகூடம் இல்லை என்பதுதான் காரணம். தலைச்சுற்றலும் நீர்க்கடுப்பும் இப்படித்தான் வருகின்றன. போத்தல் தண்ணீரை நாம் கொண்டு போவோம். மலசலகூடத்தைச் சங்கம் கேட்டு வாங்க வேண்டும்.

பால் கொடுக்கும் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை, பால் கொடுக்க ஒரு நாளில் இரண்டு இடைவேளைகள் சட்டப்படி உண்டு. பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். இது சாப்பாட்டு நேரத்துக்குப் புறம்பானது. கேட்க வெட்கப்பட வேண்டாம். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் மாதர் தலைவியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இனி வீட்டுக்கு வருவோம். அண்ணன்மாரே, இது உங்களுக்கு. 1984-இல் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வந்தது. சம நேரம் இன்னும் வரவில்லை. மடுவத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற பெண்ணுக்கு லயத்தில் இரண்டாவது பெரட்டு தொடங்குகிறது: விறகு, தண்ணீர், சமையல், துணி. மாணிக்கக் குழிக்கோ கொழும்புக்கோ போகாமல் வீட்டில் இருக்கிற ஆண்கள், காலையில் அடுப்பை மூட்டுங்கள், தண்ணீர் எடுத்து வையுங்கள். மகளிடம் சொல்லும் வேலையை மகனிடமும் சொல்லுங்கள். முதல் பாடத்திலேயே தூங்கி விழும் பிள்ளைகளைப் பாடசாலையில் நாங்கள் பார்க்கிறோம். அதில் பொம்பளைப் பிள்ளைகள்தான் அதிகம். அம்மாவின் களைப்பு மகளுக்குப் போய்ச் சேருகிறது.

ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்குப் போகிறோம். போகாதீர்கள் என்று சொல்லச் சம்பளம் இடம் கொடுக்கவில்லை. ஆனாலும் மாதத்தில் இரண்டு ஞாயிறாவது உடம்புக்கென்று விட்டு வையுங்கள். ஓய்வு கேட்கிற போராட்டமும் சம்பளம் கேட்கிற போராட்டமும் ஒன்றுதான்.

கடைசியாக ஒரு வேலை. இந்த மாதம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கொப்பி வையுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தோம், எப்போது பெரட்டு, எப்போது சாப்பிட்டோம், நிறுக்க எவ்வளவு நேரம் காத்து நின்றோம், எத்தனை கிலோ, எத்தனை கழித்தார்கள், எப்போது படுத்தோம் என்று அன்றன்றே எழுதுங்கள். எழுதத் தெரியாத அம்மாமாருக்குப் பிள்ளைகள் எழுதித் தரட்டும். துரையிடமும் தொழில் காரியாலயத்திலும் "களைப்பாக இருக்கிறது" என்றால் கேட்க மாட்டார்கள். கொப்பியைக் காட்டினால் பதில் சொல்லியாக வேண்டும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்தக் கொப்பியோடு வாருங்கள்.