இரண்டு மரக்கால் வேண்டா

 

கிறிஸ்தவ வாழ்வில் வாய்மை என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். தலைப்பைக் கேட்டதும் நம் நினைவிற்கு முதலில் வந்தது ஒரு மரக்கால். நெல் வாங்குவதற்கு ஒரு மரக்கால், கூலி அளப்பதற்கு வேறொரு மரக்கால் என்று வைத்திருந்த பண்ணைகள் உண்டென நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆகவே, வஞ்சகம் என்பது யாதென நம் மக்களுக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. குறைந்த அளவையின் வடிவில் அது நம் அடுப்படி வரை வந்திருக்கிறது. கள்ள அளவையைக் கடவுள் வெறுக்கிறார் என்று நீதிமொழிகள் நூல் கூறுவதை நம்மைப்போல் உணர்ந்து படிப்பவர் வேறு யார்?

ஒரு சொல்லுக்கு என்ன மதிப்புண்டு என்பதைக் காட்டிய நிகழ்ச்சி ஒன்று இத்தஞ்சைத் தரணியிலேயே நடந்தது. 1750இல் தரங்கம்பாடி மிஷன் பணிக்கு வந்து, 1798இல் தஞ்சையில் மறைந்தவர் சுவார்ட்சு ஐயர். ஐதர் அலியின் படையெடுப்பினால் 1781ஆம் ஆண்டளவில் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம் தலைவிரித்தாடியது. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. அதைக் கொண்டுவர மாடுகள்தாம் கிடைக்கவில்லை. முன்னர் மாடுகளைக் கொடுத்துக் கூலி பெறாமல் ஏமாந்த குடியானவர்கள், அரசின் வாக்கையும் கும்பினியாரின் வாக்கையும் நம்ப மறுத்தனர். நம் சொல் செல்லாது, ஐயரின் சொல் செல்லுமா பார்ப்போம் என்று மன்னரே முடிவு செய்தார். கூலியைத் தம் கையாலேயே தருவதாக ஐயர் எழுதி அனுப்பினார். ஓரிரு நாளில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட மாடுகள் வந்தன. ஏறத்தாழ 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. சொன்னபடியே ஒவ்வொருவர்க்கும் கூலி கொடுக்கப்பட்டது.

கலம் என்பது பன்னிரண்டு மரக்கால். அத்தனை மரக்கால் நெல்லுக்கும் ஈடாக நின்றது ஒரு மனிதரின் சொல்லேயன்றி வேறில்லை. படையும் கருவூலமும் இல்லாதவர்க்கு வாய்மையே முதல். ஏழைக்கும் அதுவே முதல்.

ஆனால் வாய்மை பற்றிப் பேசுவோர் முழு உண்மையையும் பேசுதல் வேண்டும். அந்நாளைய சபைகளில் ஒரே கூரையின்கீழ்ச் சாதிவாரியாகத் தனித்தனி இடங்கள் இருந்தன. 1833இல் கல்கத்தாப் பேராயர் டானியல் வில்சன், திருச்சபையில் சாதி வேறுபாடு அறவே ஒழிய வேண்டுமென்று கடிதம் விடுத்தபோது, தஞ்சைச் சபையில் அதனை ஏற்க மறுத்தோர் பலர். இன்றும் தமிழகத்தின் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் பிரிவினை தொடர்கிறது. சகோதரன் என்று வாயால் அழைத்து, சமாதியில் சுவர் எழுப்புவதும் இரண்டு மரக்கால்தான்.

இனி, நம் இளைஞர்களின் நெஞ்சைச் சுடும் செய்திக்கு வருவோம். ஒவ்வோர் ஆண்டும் மாணவர் சேர்க்கை நாளில் ஒரு தந்தை நம் மேசையின் முன் வந்து நின்று தயங்குவார். "ஐயா, கோயில்ல பிள்ளைக்கு ஒரு பேரு வச்சிருக்கோம். இங்க எதைச் சொல்றது?" என்று தாழ்ந்த குரலில் கேட்பார். அவர் பொய்யர் அல்லர். தம் பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணி அஞ்சுபவர். அந்த அச்சத்தை உண்டாக்கியது சட்டம்.

1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து சமயத்தவரை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியர்க்கும் 1990இல் பௌத்தர்க்கும் வழி திறந்தது, கிறிஸ்தவர்க்குத் திறக்கவில்லை. தமிழகத்தில் மதம் மாறிய நம்மவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டனர். ஞானஸ்நானம் பெற்றதால் சேரியின் எல்லை மாறவில்லை. சான்றிதழ் மட்டும் மாறியது. இந்த அநீதியைப் பேசாமல், பொய் சொல்லாதே என்று ஏழைக்கு மட்டும் உபதேசிப்பது எளிது. அது நமக்கு வேண்டா.

நற்பயன் தரும் பொய்யும் வாய்மைக்கு ஒப்பாகும் என்று வள்ளுவரே இடம் தந்திருக்கிறாரே எனச் சில இளைஞர் கேட்கின்றனர். அப்பயன் குற்றமற்றதாக இருத்தல் வேண்டும் என்பதும் அவர் விதித்ததே. ஞாயிறன்று ஆலயத்திலும் திங்களன்று வேறொரு பெயரிலும் வாழ்பவனுக்குப் பணி ஓய்வு நாள்வரை அச்சம் நீங்காது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவ நம்பிக்கையில் வாழ்ந்துகொண்டே இட ஒதுக்கீட்டிற்காக மட்டும் இந்து என்று உரிமை கோருவது அரசியலமைப்பிற்கு இழைக்கும் மோசடி எனத் தீர்ப்பளித்தது. மனமார இந்துவாக வாழ்பவர் அவ்வாறு எழுதுவது மெய். அதில் எவர்க்கும் குறையில்லை. மனத்தில் ஒன்றும் தாளில் ஒன்றுமாக வாழ்வதே துன்பம்.

இதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. ஒளிந்திருப்பவன் உரிமைக் கூட்டத்தில் எழுந்து பேச இயலாது. கணக்கில் மறைந்தவர்களுக்காக எந்த ஆணையம் பரிந்து பேசும்? ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் இச்சமயத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது. தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் மதம் மாறிய நம்மவர்க்காகத் தீர்மானம் நிறைவேற்றியது. வெளிப்படையாகத் தம்மை இன்னார் என்று சொல்லிக் கேட்டவர்களால்தான் இக்கோரிக்கை இத்தனை தூரம் வந்தது.

ஆதலின் இளைஞர்களே, உண்மைச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு உரிமையைக் கேளுங்கள். மதம் மாறிய ஆதிதிராவிட மாணவர்க்கெனத் தமிழக அரசு தரும் கல்வி உதவிகளை விசாரித்துப் பெறுங்கள். தேர்வு அறையில் பிறர் தாளைப் பாராதீர்கள். வாங்கிய கடனைச் சொன்ன நாளில் திருப்புங்கள். சபையில் சாதிச் சுவரைக் கண்டால், அதுவும் பொய்யென்று எழுந்து சொல்லுங்கள். கபடமற்றவன் என்று இயேசு பெருமான் பாராட்டியது நாத்தான்வேலின் செல்வத்தையோ குலத்தையோ பார்த்து அன்று.

நம்மை அளந்த மரக்கால் பொய்யானது. நாம் அளக்கும் மரக்கால் மெய்யானதாக இருக்கட்டும். கொடுப்பதற்கும் கொள்வதற்கும் அந்த ஒன்றே போதும்.